வாயைக் கட்டச் சொல்வோர்க்கு

‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி’ என்பது நமது மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தொடர். கிழக்கிலங்கையிலே மகளுக்கு ஒரு வீடு கட்டாமல் கலியாணம் பேச முடியாது. அந்த வீட்டுக்காக உம்மாவும் வாப்பாவும் வாயைக் கட்டினார்கள். அம்மாவும் அப்பாவும் வயிற்றைக் கட்டினார்கள். மகனைப் படிப்பிக்கக் கட்டினார்கள். வட்டிக்கடன் இறுக்கக் கட்டினார்கள். வறுமை பெற்றெடுத்த தொடர் அது. இன்று அதே தொடர் வேறொரு பொருளில் அதே மக்களை நோக்கி வருகின்றது. ‘வாயைக் கட்டுங்கள், எடை குறையும், எடை குறைந்தால் சீனி வருத்தமும் பிரஷரும் குறையும்’ என்று கிளினிக்கிலே சொல்லப்படுகின்றது. ஆயுள் முழுதும் வாயைக் கட்டி வாழ்ந்தவளைப் பார்த்து, நீ வாயைக் கட்டாதபடியாலேதான் நோயாளியானாய் என்று சொல்வது எத்தகைய விந்தை! இவ்விந்தையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கின்றது.

மிகை எடை தீங்கற்றது என்று நாம் வாதிடப் புறப்படவில்லை. மருத்துவ விஞ்ஞானத்தோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. சீனி வருத்தத்தினால் காலிலே புண் வந்து, விரல் போய், பின்னர் பாதமும் போன மனிதர்கள் நமது தெருக்களிலே இருக்கின்றனர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், காரைதீவு, வீரமுனை, எந்த ஊரிலாவது அத்தகைய ஒருவர் இல்லாத தெரு உண்டா? ஆகவே எடையைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை சரியே. அவ்வறிவுரை நிறைவேறாமற் போகும்போது அதற்கு யாரைக் குற்றவாளியாக நிறுத்துகிறார்கள் என்பதே நமது கேள்வி.

வீரமுனையிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு புறப்பட்டு, பஸ்ஸுக்கு நின்று, இலக்கம் எடுத்து, வாங்கிலே இரண்டு மணி நேரம் குந்தியிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்திலே கல்முனைக்குடியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தாய் அதே கொப்பியோடு, அதே வெறும் வயிற்றோடு இருக்கிறாள். இருவரும் ஒருவர் பின் ஒருவராகத் தராசில் ஏறுகின்றனர். மூன்று மாதத்துக்கு முன்னர் இருந்ததிலும் ஒரு கிலோ கூட. “சொன்னது ஒண்டையும் கேக்கல்ல போல, அக்கா!” என்று ஒரு குரல். வாங்கில் இருக்கும் ஐம்பது பேரும் திரும்பிப் பார்க்கின்றனர். டாக்டர் அறையில் இரண்டு நிமிடம். மீண்டும் அதே தாள், அதே வாய் கட்டும் உபதேசம். அடுத்த முறை அவள் வரமாட்டாள். வீட்டில் வேலை என்பாள், மழை என்பாள். உண்மையில் தராசுக்கும் அந்தக் குரலுக்கும் அஞ்சியே அவள் வரவில்லை. வராதபடியால் மருந்தும் நிற்கும். இரண்டு வருடம் கழித்துக் கண் மங்கிய பின்னரோ காலில் புண் வந்த பின்னரோதான் ஆசுபத்திரியின் வாசலை மீண்டும் மிதிப்பாள். அவமானம் ஒரு மருந்தன்று. பல வேளைகளில் அது நோயின் கூட்டாளி.

அந்தக் குரலுக்குரிய தாதியை நாம் குற்றங்கூற மாட்டோம். ஒரு காலையில் நூறு பேரை நிறுத்துப் பதியும் பெண் அவள். அவளுடைய எடையை யார் கேட்கிறார்கள்?

இங்கே நம்மவர் சிலரோடும் ஒரு வார்த்தை பேச வேண்டும். ‘மிகை எடை பணக்காரர் பிரச்சினை, பட்டினியைப் பற்றிப் பேச வேண்டிய முற்போக்காளருக்கு இது எதற்கு?’ என்று ஏளனமாகக் கேட்கும் நண்பர்கள் இருக்கின்றனர். கேலிச்சித்திரங்களிலே முதலாளியைத் தொந்தியோடு வரைந்து பழகிய கண்ணுக்கு, தொந்தியுள்ள கூலித் தொழிலாளி தென்படாமற் போவது இயல்பே. ஆனால் கணக்கு வேறு கதை சொல்கின்றது. 2015ஆம் ஆண்டு இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் மிகை எடையினர். பெண்களில் ஏறத்தாழ 34 பேர், ஆண்களில் ஏறத்தாழ 25 பேர். மூன்றிலொரு பெண் முதலாளியாகிவிட்ட நாடு இதுவென்றால் நமது போராட்டமெல்லாம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும்! பட்டினியும் மிகை எடையும் இன்று ஒரே வீட்டின் ஒரே அடுப்படியில் வாழ்கின்றன. பிள்ளை மெலிந்திருக்க, தாய் பருத்திருப்பாள். இருவருக்கும் இரத்தச் சோகை இருக்கும். வயிறு நிறைவதும் உடல் போஷாக்குப் பெறுவதும் ஒன்றல்ல என்பதை அரிசிக் கணக்கு மாத்திரம் பார்ப்பவர்கள் காண்பதில்லை.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். சாப்பாட்டுக் கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும். காற்பங்கு சோறு, அதுவும் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு. காற்பங்கு மீனோ முட்டையோ பருப்போ. சீனியை விடு. பொரித்ததை விடு. நாள்தோறும் அரைமணி நேரம் நட. இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடி. இதில் பிழை ஒன்றும் இல்லை. இதை நிறைவேற்றக் கூடிய மனிதன் எப்படிப்பட்டவன் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். அவனுக்கு நிரந்தர வருமானம் உண்டு. வேலை முடியும் நேரம் நிச்சயம். அவனுக்கென்று தனியாகச் சமைக்க வேறொருவர் இருக்கிறார். நடக்க வெளிச்சமும் மரநிழலுமுள்ள பாதை இருக்கிறது. அத்தாளை எழுதியவர் தம்மையே மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார் போலும்.

நமது பெண்ணின் வீட்டிலே ஒரே பானைதான். ஏழு பேருக்கு ஓர் அடுப்பில் ஒரு சமையல். வயலுக்கோ கடலுக்கோ போய்வரும் ஆணுக்குச் சோறு வேண்டும். வளரும் பிள்ளைக்கு வேண்டும். மாமிக்குக் குழையச் சமைக்க வேண்டும். இதற்கிடையில் தனக்கென்று ஒரு தனிக் கறி, ஒரு தனிச் சோறு என்று வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும், எந்த மாமியார் பார்த்துக் கொண்டிருப்பாள்? எல்லோரும் உண்ட பின்னரே அவள் உண்கிறாள். மீன் துண்டுகள் போய்விட்டன. ஆணமும் சோறும் இருக்கின்றன. பிள்ளை பாதியில் விட்ட கோப்பை ஒன்றும் இருக்கிறது. சோற்றைக் கொட்டுவது பாவம் என்று இந்துத் தாயும் முஸ்லிம் தாயும் ஒரே விதமாகப் படித்திருக்கிறார்கள். நாளை காலை வரை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லை, அல்லது மின்கட்டணத்துக்கு அஞ்சி அது அணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வீட்டின் மிச்சமெல்லாம் சென்று சேரும் இடம் அவளுடைய வயிறு. அவள் பேராசைக்காரியாக உண்ணவில்லை, சிக்கனக்காரியாக உண்கிறாள். இந்தச் சிக்கனத்தை வாய்க் கொழுப்பு என்று பெயரிட்டு அழைப்பவர்கள் ஒரு வாரம் அந்த அடுப்படியில் நின்று பார்க்கட்டும்.

கோப்பையில் பாதி மரக்கறி என்பது இலேசான வார்த்தையா? அம்பாறை மாவட்டம் இலங்கையின் நெற்களஞ்சியங்களில் ஒன்று. கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்கள் வீரமுனையையும் சம்மாந்துறையையும் சூழ்ந்து கிடக்கின்றன. இங்கே வயிற்றை நிரப்ப மலிவானது சோறே. கரட்டும் போஞ்சியும் மலைநாட்டிலிருந்து லொறியேறி வருபவை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலையேறி வருபவை. உழுபவனின் கதையோ இன்னும் விசித்திரமானது. அறுவடையன்று கடனுக்காகவும் காய வைக்க இடமில்லாததாலும் நெல்லை ஈரத்தோடு விற்கிறான். சில மாதம் கழித்து, ஆலையிலே தவிடு முழுதும் தீட்டப்பட்டு வெளுத்த அரிசியை மூடையாக வாங்குகிறான். தன் வயலில் விளைந்த நெல்லின் நல்ல பகுதி தீனியாகவும் எண்ணெயாகவும் எங்கோ போய்விட, எஞ்சிய மாவுச்சத்தை அவன் விலை கொடுத்து உண்கிறான். ‘தவிடு நீக்காத அரிசி உண்’ என்று அவனுக்கு அச்சடித்துக் கொடுக்கிறோம்!

தேநீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எடைக் குறைப்புத் திட்டங்களில் அரைவாசி தேநீர்க் கோப்பையிலேயே மூழ்கிப் போகின்றன. காலைத் தேநீர், பத்து மணித் தேநீர், பின்னேரத் தேநீர், விருந்தாளியோடு ஒன்று, விருந்துக்குப் போன இடத்தில் இரண்டு. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றாலும் ஆறு கோப்பைக்கு 60 கிராம் சீனி. உலக சுகாதார ஸ்தாபனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, வயது வந்த ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி ஏறத்தாழ 50 கிராமுக்குள்ளும், இயலுமாயின் 25 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். கூலிக்குப் போகும் மனிதனுக்கு இந்தத் தேநீர் வெறும் பானமன்று. காலைச் சாப்பாட்டுக்குக் காசில்லாத நாளில் பசியைப் பன்னிரண்டு மணிவரை தள்ளிப்போடும் மலிவான உணவு, ஒரு பிளேன்டீயும் ஒரு பணிஸும். ஆட்டோ ஓட்டும் இளைஞனைக் கேளுங்கள். கடைச் சிப்பந்தியைக் கேளுங்கள். மருதமுனைத் தறியிலே இருக்கும் நெசவாளியைக் கேளுங்கள். துணிக்குக் கூலியே தவிர நாளுக்குக் கூலி அவருக்கில்லை. அரைமணி நேர நடை என்பது அவருக்கு நெய்யாத அரைமணித் துணி.

அதற்கு மேலே மரியாதை என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்தவருக்குச் சீனி குறைத்துத் தேநீர் கொடுத்தால் கஞ்சத்தனம். போன இடத்தில் சீனி வேண்டாம் என்றால், “என்ன, எங்கட வீட்டுத் தேத்தண்ணி பிடிக்கல்லையா?” என்ற கேள்வி. நோயைச் சொல்லி மறுத்தால் மகளின் கலியாணப் பேச்சில் அந்த நோய் பரம்பரையாக எழுந்து நிற்கும் என்ற பயம். நோன்பு மாதத்தில் கஞ்சியோடு சமூசாவும் வடையும் சர்பத்தும், பெருநாளிலே வட்டிலப்பம், கலியாணத்தில் ஒரே சகனைச் சுற்றிப் பலர் இருந்து உண்ணும்போது ஒருவர் மட்டும் கையை எடுத்துக் கொள்வது எங்ஙனம்? கோயில் திருவிழாவில் அன்னதானத்தை அளந்து உண்பவர் யார்? இவற்றை மூட வழக்கங்கள் என்று ஒதுக்கும் அதிமேதாவிகளோடு நாம் உடன்படவில்லை. சேர்ந்து உண்பது நமது மக்களிடம் எஞ்சியிருக்கும் மிகச் சிறந்த பண்புகளில் ஒன்று. பகை மூண்ட காலங்களுக்குப் பின்னரும் தமிழர் வீட்டுப் பொங்கலும் முஸ்லிம் வீட்டுப் பெருநாட் பலகாரமும் வேலி தாண்டிப் போய்வந்ததனாலேயே அயலுறவு மீண்டும் துளிர்த்தது. அந்தப் பலகாரத் தட்டை மறுக்கச் சொல்வதற்கு முன்னர், அதன் கனத்தை அறிந்து சொல்ல வேண்டும்.

இத்தனையையும் கடந்து ஒருத்தி ஐந்து கிலோ குறைத்துவிட்டாள் என்று வையுங்கள். ஊர் அவளைப் பாராட்டுமா? “ஏன் மகள் இப்படி மெலிஞ்சு போனாய்? வீட்டில ஏதும் பிரச்சினையா?” என்று கேட்கும். பட்டினியையும் இடப்பெயர்வையும் அகதி முகாமையும் கண்ட ஊர்களிலே சதை என்பது சுகத்தின் அடையாளம். மெலிவு என்பது துயரத்தின் அடையாளம். அந்தக் கேள்வி அன்பினால் வருவது. அன்பினால் வருவதனாலேயே அதை எதிர்த்து நிற்பது அத்தனை கடினம்.

நடக்கச் சொல்கிறார்களே, எங்கே நடப்பது? கல்முனைக் கரை நாட்டின் சன நெருக்கம் மிக்க பகுதிகளில் ஒன்று. வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர். இடையிலே மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் ஒழுங்கை. பிரதான வீதியிலே நடைபாதையைக் கடைப் பொருட்கள் பிடித்திருக்கும். கடற்கரை ஆண்களுக்குரியது என்பது எழுதப்படாத சட்டம். பின்னேரம் தனியே நடக்கும் பெண்ணைப் பற்றி மறுநாள் பேச்சு எழும். எந்த மதத்துப் பெண்ணாயினும் எழும். வீரமுனையின் வயல் வரம்பு அழகானதுதான். இருட்டினால் அங்கே நாய்களும் பாம்புகளுமே துணை. இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டிலே வீரமுனை மக்கள் கோயில் வளவில் தஞ்சம் புகுந்திருந்த நிலையிலும் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். பொழுது பட்டால் கதவைச் சாத்து என்பதை இரு சமூகத்துப் பிள்ளைகளும் படித்தே வளர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; அதன்பின் நெடுங்காலம் அந்தக் கடலோரம் உலாவுமிடமாகவா இருந்தது? இந்த வரலாற்றின் மேலே நின்றுகொண்டு, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க உனக்கு என்ன சோம்பல் என்று ஒருவர் கேட்கிறார்.

‘அந்தக் காலத்திலே பெண்கள் உரலில் நெல்லுக் குத்தினார்கள், அம்மியில் அரைத்தார்கள், கிணற்றில் அள்ளினார்கள், அதனால் நோய் இல்லை’ என்று பெருமூச்சு விடும் பெரியவர்களை இவ்விடத்தில் சந்திக்கிறோம். இப்பெருமூச்சு பெரும்பாலும் உலக்கை பிடித்தறியாத ஆண்களிடமிருந்தே வருவது ஏனோ! அந்தக் காலத்துப் பெண் பிரசவத்திலும் காய்ச்சலிலும் நாற்பதுக்கு முன்னரே மாண்டாள் என்பதை இவர்கள் மறந்துவிட்டனர். ஆலையும் குழாய்நீரும் அவளுக்கு விடுதலையின் ஒரு பகுதி. அதைத் திருப்பிக் கேட்பவர்கள் பிற்போக்காளர்களே. உடலுழைப்புக் குறைந்த இடத்தை விளையாட்டும் உலாவலும் ஓய்வும் நிரப்பியிருக்க வேண்டும். ஆலை அவளுக்கு மிச்சப்படுத்திய நேரத்தை இன்னொரு வேலை விழுங்கிற்று.

உணவின் வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். நமது வீடுகளில் கோதுமை மாவுக்கு இன்றும் ‘அமெரிக்கன் மா’ என்று பெயர் இருக்கிறதே, அதை எப்போதாவது யோசித்திருக்கிறோமா? இரண்டாம் உலகப் போரில் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது கோதுமை மா இத்தீவினுள் பெருமளவில் புகுந்தது. பின்னர் 1950களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கா தனது மிகை விளைச்சலைப் பி.எல். 480 என்னும் சட்டத்தின்கீழ் உதவி என்ற பெயரால் அனுப்பிற்று. 1980ஆம் ஆண்டு திருகோணமலையிலே சிங்கப்பூர்க் கம்பனியான பிறீமாவின் மாவாலை இயங்கத் தொடங்கியது. பாணும் ரொட்டியும் பணிஸும் கொத்து ரொட்டியும் நமது நாக்கு தானாகத் தேடிக் கொண்ட சுவைகள் என்று எண்ணுகிறோம். கப்பலும் கடனும் ஒப்பந்தமும் சேர்ந்து நமது நாக்குக்குப் பழக்கிய சுவைகள் அவை.

1953ஆம் ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது இந்நாட்டு மக்கள் என்ன செய்தார்கள்? ‘கொஞ்சம் குறைத்து உண்ணுங்கள், மன உறுதி வேண்டும்’ என்ற உபதேசத்தைக் கேட்டுக் கொண்டிருந்தார்களா? ஓகஸ்ட் 12 அன்று கடைகளை அடைத்து, வண்டிகளை நிறுத்தி, தண்டவாளங்களைப் பெயர்த்து ஹர்த்தால் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை போர்க்கப்பலிலே கூடிற்று. அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வெறும் வயிறு அரசியற் பிரச்சினை என்பதில் அன்று எவருக்கும் ஐயமிருக்கவில்லை. அதே வயிறு தவறான உணவால் நிரப்பப்படும்போது மட்டும் அது தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாக மாறிவிடுவது என்ன நியாயம்?

சீனியின் கதை இதனினும் வெளிச்சமானது. 2016ஆம் ஆண்டு குளிர்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் இட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் அப்பானங்களின் சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. நல்ல சட்டம், அதனாலேயே நெடுநாள் நிலைக்கவில்லை. ஓராண்டு கழியும் வேளையில் வரி குறைக்கப்பட்டுவிட்டது. 2020 அக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட வரி, கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 25 சதமாக இறக்கப்பட்டது. அரசுக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பு என்று பாராளுமன்றத்திலே பேசப்பட்டது. கடையிலே அதற்கேற்ப விலை இறங்கவில்லை. இறக்குமதியாளர் மடியில் விழுந்த அந்தச் சீனிப் பணத்தை எந்தக் கிளினிக் தராசில் நிறுத்தோம்? அதற்கு எவர் வாயைக் கட்டச் சொன்னோம்? இரண்டு வருடத்தில் நாடு வங்குரோத்தாகி, 2022 செப்ரெம்பரில் கொழும்பின் உணவுப் பொருள் விலைகள் ஓராண்டுக்கு முன் இருந்ததிலும் ஏறத்தாழ இரண்டு மடங்கை எட்டின. மீனும் முட்டையும் மரக்கறியும் கோப்பையிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. கடைசிவரை நின்றவை சோறும் மாவும் சீனியுமே.

உடலின் இயல்பைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் விஞ்ஞானி, 36 இளைஞர்களுக்கு 24 வாரம் நாளொன்றுக்கு 1,600 கலோரிக்கு அண்மித்த உணவையே கொடுத்தார். உறுதிமிக்க அந்த இளைஞர்கள் உணவைத் தவிர வேறு நினைவற்றவர்களாயினர், சமையற் குறிப்புகளைச் சேகரித்தனர், மனம் உடைந்தனர். அவர் அதற்கு இட்ட பெயர் அரைப்பட்டினி. இன்று எடைக் குறைப்புத் தாள்கள் பல இதனிலும் குறைந்த கலோரியை விதிக்கின்றன. அதனைத் தாங்க முடியாதவளைப் பலவீனமானவள் என்கிறோம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் பங்குபற்றிய 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின்னர் ஆராய்ந்த 2016ஆம் ஆண்டின் ஆய்வு, அவர்களுடைய உடல் எதிர்பார்த்ததிலும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிடுகிறது என்று கண்டது. இழந்த எடையை மீட்கவே உடல் பாடுபடுகிறது. இன்னும் கேளுங்கள்: பூனா நகரில் யாக்னிக் என்னும் மருத்துவரும் அவரது குழுவினரும் அங்கு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். 3.5 கிலோவுக்கு எதிரே 2.7 கிலோ, ஆனால் தோலடிக் கொழுப்பிலே பெரிய குறைவில்லை. தாயின் பசி பிள்ளையின் உடலில் கொழுப்பாகக் குறிக்கப்படுகிறது போலும்!

எவராலுமே எடை குறைக்க இயலாதா என்றால், இயலும். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 3,234 பேர் பங்குபற்றினர். வாழ்க்கை முறையை மாற்றிய பிரிவினருக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. இந்தப் பெறுபேற்றை நமது மேடைகளில் அடிக்கடி எடுத்துக் கூறுகிறார்கள். எப்படி வந்தது என்பதைக் கூறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் சம்பளம் பெறும் ஒரு வழிகாட்டி இருந்தார். தனித்தனியே 16 பாடங்கள் நடந்தன. தவறியபோது திட்டுவதற்குப் பதில் தடையைக் கண்டுபிடித்து வழி செய்தார்கள். சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்விலும் வாழ்க்கை முறை மாற்றத்தால் ஏறத்தாழ 28 வீதம் நன்மை கிட்டியது. அதுவும் தராசு முள் பெரிதாக இறங்காமலே. இச்செய்தி நமது பெண்களுக்குச் சொல்லப்பட வேண்டும்: தராசு அசையாவிட்டாலும் நீ நடந்த நடையும் குறைத்த சீனியும் வீண் போகவில்லை. இதைக் கேட்டிருந்தால் எத்தனை பேர் கிளினிக்கை விட்டு ஓடாதிருப்பார்கள்!

ஆனால் சந்தை இவ்விடைவெளியில் புகுந்துவிட்டது. மூன்று வாரத்தில் பத்துக் கிலோ குறைக்கும் தூள், கொழுப்பைக் கரைக்கும் தேயிலை, இடுப்பில் கட்டும் பட்டி. காலையிலே சீனிப் பானத்துக்கும் மாலையிலே மெலிவுத் தூளுக்கும் ஒரே திரையில் விளம்பரம். பருக்க வைப்பதிலும் இலாபம், மெலிய வைப்பதாகச் சொல்வதிலும் இலாபம். இடையிலே குற்றவுணர்வைச் சுமப்பவள் மட்டும் காசு கொடுக்கிறாள்.

நாம் கேட்பவை வானத்துச் சந்திரனையல்ல. நாடெங்கும் 2011 முதல் திறக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்களுக்கு ஆண்கள் வருவதில்லை என்று அதிகாரிகளே குறைப்படுகின்றனர். கூலி வேலை நேரத்தில் திறந்து வைத்தால் எவன் வருவான்? அந்தியிலும் வெள்ளி தவிர்ந்த விடுமுறை நாட்களிலும் திறவுங்கள். எடையைத் திரைக்குப் பின்னே நிறுங்கள். தாளிலே ஓட்ஸையும் ஒலிவ் எண்ணெயையும் எழுதாமல் குறிஞ்சாவையும் பொன்னாங்காணியையும் சூடை மீனையும் எழுதுங்கள். தீட்டாத அரிசியைக் கூட்டுறவுக் கடையிலே வெள்ளை அரிசியிலும் மலிவாகக் கொடுங்கள். கடற்கரையிலோ பாடசாலை மைதானத்திலோ பெண்களுக்கென்று ஒரு மணி நேரமும் நான்கு விளக்குகளும் கொடுக்க ஒரு மாநகர சபையால் முடியாதா? பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் அதற்கு ஒரு வார்த்தை சொன்னால் ஊரின் வாய் அடங்கும்.

ஆசிரிய நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. உடற்கல்விப் பாடத்தைக் கணிதத்துக்குக் கடன் வாங்குவது யார்? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலுக்காகப் பத்து வயதுப் பிள்ளையைக் காலையில் பாடசாலையிலும் மாலையில் ரியூசன் கொட்டிலிலும் குந்த வைப்பது யார்? பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பது பற்றிக் கல்வியமைச்சின் சுற்றறிக்கைகள் அதிபரின் அலுமாரியிலே உறங்குகின்றன. வெளியே கண்ணாடிப் பெட்டியிலே ரோல்ஸும் பற்றீஸும் நிறச் சோடாவும் விழித்திருக்கின்றன. அந்தச் சிற்றுண்டிச்சாலை கேள்விப்பத்திரம் மூலம் அதிக தொகை தருபவருக்கே கொடுக்கப்படுகிறது. அதிக தொகை தருபவர் அதைக் கீரைக் கஞ்சி விற்று மீட்க முடியாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே அக்கேள்விப்பத்திரங்கள் திறக்கப்படும்போது, இந்தத் தொகை எதை விற்று வரும் என்று கேட்க ஓர் ஆசிரியராவது எழுந்து நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்திலும் சீனித் தேநீரும் பற்றீஸும் வரும். அவற்றை உண்டபடியே கேட்டாலும் பாதகமில்லை.